வே பில்லில் ஏறாத பயணங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டு பிறந்ததும் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடுகிறது: நெரிசலில் உலக நகரங்களுக்குள் பெங்களூருக்கு எத்தனையாவது இடம் என்று. நெதர்லாந்தைச் சேர்ந்த டாம்டாம் நிறுவனத்தின் கணக்கு அது. 2019ஆம் ஆண்டுக்கான பட்டியலில் நமக்கு முதலிடம். சாலை காலியாக இருக்கும்போது ஆகும் நேரத்தைவிட இங்கே 71 சதவீதம் கூடுதலாக ஆகிறது என்றார்கள். 2022ஆம் ஆண்டுக்கு, நகரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்க 29 நிமிடம் 10 விநாடி என்றார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் யாருடைய 29 நிமிடம் இது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. வண்டிகளில் இருக்கும் வழிகாட்டிக் கருவிகளும் கைப்பேசிகளும் அனுப்பும் தகவலை வைத்துப் போட்ட கணக்கு அது. அல்சூர் மார்க்கெட்டில் சரக்கு எடுத்துக்கொண்டு, இடுப்பில் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பூக்காரம்மாவின் நேரம் அதில் சேரவில்லை. அவர் அரை மணி நேரம் நின்றாலும் எந்த ஏட்டிலும் அது ஏறுவதில்லை.

நான் இந்த ஊரின் நகரப் பேருந்துகளில் 32 ஆண்டுகள் நடத்துநராக இருந்தவன். 1986இல் சேர்ந்து 2018இல் ஓய்வு பெற்றேன். பிறந்தது, வளர்ந்தது, இப்போது குடியிருப்பது எல்லாம் மர்பி டவுன். பயணிகளைக் கணக்கெடுப்பது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டிக்கெட் இயந்திரம் வருவதற்கு முன் எங்கள் கையில் இருந்தது வே பில். ஒரு தாள்தான். அதில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும், அதாவது கட்டணம் மாறும் நிறுத்தத்துக்கும், ஒரு கட்டம். ஸ்டேஜ் தாண்டும்போது, ஒவ்வொரு விலை டிக்கெட் கட்டிலும் அடுத்துக் கிழிக்க வேண்டிய எண்ணைப் பார்த்து அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். ஸ்டேஜை மூடுவது என்போம். வண்டி குலுங்கிக்கொண்டிருக்கும். முதுகைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு, இடது உள்ளங்கையில் அட்டையை வைத்து, இரண்டு நிறுத்தங்களுக்கு இடையில் கிடைக்கும் நிமிடத்தில் எழுதிவிட வேண்டும். மூடாமல் விட்ட ஸ்டேஜில் செக்கிங் ஏறிவிட்டால் விளக்கம் எழுதி மாளாது. அதனால் கை நடுங்கினாலும் எண் சரியாக இருக்கும்.

இந்த ஸ்டேஜின் எண்ணிலிருந்து முந்தைய ஸ்டேஜின் எண்ணைக் கழித்தால் இடையில் எத்தனை டிக்கெட் போயிற்று என்று தெரிந்துவிடும். டிக்கெட்டின் விலையைப் பார்த்தால் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதும் ஓரளவு தெரியும். எங்கிருந்து ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்று இன்றைக்குத் திட்டம் தீட்டுகிறவர்கள் தனியாகப் பணம் செலவழித்துக் கணக்கெடுக்கிறார்களே, அதில் பாதி அன்றைக்கு ஒவ்வொரு நடத்துநரின் தோள்பையிலும் இருந்தது. இரவு டிப்போவில் ஒப்படைத்ததும் பணத்தை எண்ணுவார்கள். தாளைக் கட்டிப் பரணில் போடுவார்கள்.

அந்தத் தாளிலும் ஓர் ஓட்டை இருந்தது. அதை நான் புரிந்துகொண்டது தாமதமாகத்தான்.

ஒசூர் ரோடு பக்கம் சில ஆண்டுகள் டியூட்டி பார்த்தேன். இரவு எட்டே காலுக்கு பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு டிரிப். தையல் ஃபேக்டரியில் ஓவர்டைம் முடித்து வரும் பெண்களால் வண்டி நிரம்பிவிடும். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒன்றாகக் கேட்கும். படியில்கூட இரண்டு பேர் நிற்பார்கள். ஆனால் அத்தனை பேரிடமும் மாதப் பாஸ். பாஸைத் தூக்கிக் காட்டினால் நான் தலையசைப்பேன், அவ்வளவுதான். டிக்கெட் கிழிப்பதில்லை, அதனால் வே பில்லில் எண் நகராது. வண்டி பிதுங்கி வரும். தாளில் பார்த்தால் ஆளில்லாத டிரிப். மூன்று மாதம் இப்படி வசூல் குறைவாகக் காட்டியதும் அந்த டிரிப்பை எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்த தாள் அப்படித்தான் சொன்னது.

அடுத்த வாரம் வேறொரு தடத்தில் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பெண்களில் ஒருவர் ஏறினார். "அண்ணா, எங்கள் எட்டே கால் பஸ்ஸை எங்கே கொண்டுபோய் விட்டீர்கள்? மெயின் ரோடு வரைக்கும் இருட்டில் நடக்கிறோம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் கையெழுத்துப் போட்ட தாளில் மட்டும் அவர் இல்லை. பாஸ்காரர்களின் எண்ணிக்கையை ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

நகரத்தின் போக்குவரத்துத் திட்டத்தைக் கண்காணிப்பது என்ற பெரிய பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த எட்டே கால் பஸ்தான் நினைவுக்கு வருகிறது. தாளில் கட்டம் இல்லாதவருக்குச் சாலையிலும் இடம் கிடைப்பதில்லை.

சந்திப்புகளில் வண்டிகளை எண்ணுகிறார்களே, அதையும் கவனித்திருக்கிறேன். என் அண்ணன் மகன் கல்லூரி விடுமுறையில் அந்த வேலைக்குப் போனான். மடக்கு நாற்காலி, அட்டை, பேனா. கால் மணி நேரத்துக்கு ஒரு வரிசை. கார், ஆட்டோ, இருசக்கர வாகனம், பஸ், லாரி என்று பத்திகள். நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். பிறகு அந்த எண்களை அப்படியே கூட்டுவதில்லை, காரை அளவாக வைத்து மாற்றுகிறார்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் நகரச் சாலைகளுக்கு 1990இல் வகுத்த முறை அது. கார் என்றால் ஒன்று. இருசக்கர வாகனம் அரையிலிருந்து முக்கால். பஸ் இரண்டுக்கு மேல், சில இடங்களில் மூன்றரைக்கும் மேல். சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்க்க இது சரியான முறைதான். ஆனால் அறுபது பேரைச் சுமந்து வரும் பஸ்ஸும், காருக்கு ஒருவராக மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் மூன்று கார்களும் அந்தத் தாளில் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. பஸ்ஸைக் குறைத்தால் சாலையின் சுமை குறைந்ததாகக் காட்டும் கணக்கு இது. நடந்து கடப்பவர்களுக்கு அதில் எண்ணே கிடையாது. அவர்களைத் தனியாக எடுக்க வேண்டும். எடுக்கச் சொன்னால் எடுப்பார்கள்.

பிறகு எங்கள் வீட்டுக்கே கணக்கெடுக்க ஒரு தம்பி வந்தார். ஏதோ ஒரு நிறுவனத்தின் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். கையில் டேப்லெட். சனிக்கிழமை மதியம், நல்ல வெயில். மோர் கொடுத்தோம். வீட்டில் எத்தனை பேர், எத்தனை வண்டி, யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டார். மகளின் அலுவலகம் ஒயிட்ஃபீல்டில், மெட்ரோவில் போகிறாள் என்று சொன்னதைக் கவனமாகப் பதிந்துகொண்டார். என் மனைவியைப் பார்த்து, "அம்மா வேலைக்குப் போகிறீர்களா?" என்றார். இல்லை என்றாள். விரலால் ஒரு தட்டு. பயணம் இல்லை என்று பதிவாகிவிட்டது.

அன்றைக்கு விட்டுவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, என் மனைவி வீட்டை விட்டுப் புறப்படும்போதெல்லாம் குறித்தேன். காலை ஆறு மணிக்குப் பால் வாங்க நடை. எட்டேகாலுக்குப் பேரனைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு, மெட்ரோ தூணுக்குக் கீழே சாலையைக் கடந்து போய்த் திரும்பினாள். பத்து மணிக்கு அல்சூர் மார்க்கெட். பதினொன்றரைக்கு மூட்டு வலி டாக்டரைப் பார்க்கச் சிவாஜிநகருக்குப் பஸ், திரும்பும்போது பஸ் வராததால் ஷேர் ஆட்டோ. மூன்றரைக்கு மறுபடியும் பள்ளி. மாலையில் சோமேசுவரர் கோயில். போக வர எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு பயணம். என் மகளுக்கு அன்றைக்கு இரண்டு. அரசாங்கம் தீட்டும் திட்டத்தில் என் மகள் இருக்கிறாள். அவளைப் பெற்றவள் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே கதைதான். 2011இல் வேலைக்கு எதில் போகிறீர்கள், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் அதையும் வேலைக்குப் போகிறவர்களிடம் மட்டும் கேட்டார்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிற்று. இடையில் இந்த ஊர் எங்கேயோ போய்விட்டது. வண்டிகளின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது.

இப்போது நம்மிடம் தகவல் இல்லாமல் இல்லை. 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் பெண்கள் கட்டணமில்லாமல் பஸ்ஸில் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பூஜ்ய மதிப்புள்ள டிக்கெட் கொடுக்க வேண்டும். இதைப் பற்றி ஆளுக்கொன்றாகப் பேசுகிறார்கள். நான் ஒரு நடத்துநராகச் சொல்கிறேன்: பயணக் கணக்கு தெரிந்த எவனும் அந்த டிக்கெட்டைப் பார்த்துக் கும்பிடுவான். பாஸைக் காட்டிவிட்டுக் கணக்கில் ஏறாமல் போன அந்த தையல் ஃபேக்டரிப் பெண் இன்றைக்கு எந்த ஸ்டேஜில் ஏறினார், எந்த ஸ்டேஜுக்கு டிக்கெட் வாங்கினார், எத்தனை மணிக்கு என்று இயந்திரத்தில் பதிவாகிறது. இந்த நகரத்துப் பெண்கள் எங்கே போகிறார்கள், எப்போது போகிறார்கள் என்பது நம் கைக்கு வந்துவிட்டது. அதை, போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு கொடுக்க வேண்டிய பணத்தைக் கூட்டிப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டால், பழைய வே பில்லைப் பரணில் போட்டது போலத்தான்.

பஸ்கள் எங்கே வருகின்றன என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. அப்படியானால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவில் எத்தனை நிமிடம் என்பது எங்கோ ஒரு கணினியில் இருக்கத்தான் செய்கிறது. இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்று சொல்ல வேண்டும். ஒரு தடத்தில் மணிக்கு நான்கு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒன்று. நடைமுறையில் முதல் வண்டி நெரிசலில் மாட்டும். நிறுத்தத்தில் ஆள் சேரும். ஏற்றி இறக்க இன்னும் தாமதமாகும். பின்னால் வருகிற வண்டி காலியாக வந்து இதை எட்டிப் பிடிக்கும். இரண்டும் ஒட்டிக்கொண்டே கடைசி வரை போகும். பிறகு முப்பது நாற்பது நிமிடம் ஒன்றும் வராது. மாலையில் டிப்போ கணக்கில் அத்தனை டிரிப்பும் ஓடியிருக்கும். நூற்றுக்கு நூறு. நிறுத்தத்தில் நின்றவருக்கு மட்டும்தான் நாற்பது நிமிடம் போயிற்று என்று தெரியும்.

சென்ற மாதம் மூன்று நாள் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை எங்கள் பக்கத்து நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதினேன். புதன்கிழமை, ஒரு தடத்தில் எட்டு ஐந்துக்கு இரண்டு வண்டி சேர்ந்து வந்தன. அடுத்தது எட்டு நாற்பத்திரண்டுக்கு. அதற்குள் பதினேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். நான்கு பேர் ஆட்டோ பிடித்தார்கள். பள்ளிச் சீருடையில் இருந்த இரண்டு பெண் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் யாருக்கோ போன் செய்து இருசக்கர வாகனத்தை வரச் சொன்னார். இந்த ஊரில் நெரிசல் எப்படிப் பிறக்கிறது என்பதை அந்த நிறுத்தத்தில் உட்கார்ந்தால் கண்ணால் பார்க்கலாம்.

காத்திருக்கும் நேரத்தை அளக்க வேண்டும் என்பது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2009லேயே நகரப் போக்குவரத்துக்கு அளவுகோல்கள் வகுத்துக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை தரம் போட வேண்டும். பொதுப் போக்குவரத்தில் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், நடைபாதை எப்படி இருக்கிறது, சைக்கிளுக்கு வசதி உண்டா, முக்கியச் சாலைகளில் வேகம் என்ன, விபத்து எவ்வளவு என்று எல்லாம் அதில் உண்டு. அளவுகோல் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் என் நிறுத்தத்தின் தரம் என்ன என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

திட்டங்களுக்கு இங்கே குறைவில்லை. 2007இல் ஒன்று, 2011இல் ஒன்று. 2020இல் மெட்ரோ நிறுவனமும் நகர நிலப் போக்குவரத்து இயக்ககமும் சேர்ந்து 2035ஐ இலக்காக வைத்து வரைவுத் திட்டம் வெளியிட்டார்கள். மெட்ரோவுக்கு மத்திய அரசின் பணம் வேண்டுமானால் இப்படி ஒரு முழு நகரத் திட்டம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கை சொல்கிறது. பணத்துக்காகத் திட்டம் எழுதுவதில் தவறில்லை. ஆனால் பணம் வந்த பிறகு திட்டத்தை எடுத்துத் தூசி தட்டி, சொன்னது நடந்ததா என்று பார்க்கிறவர் யார்?

புறநகர் ரயிலைப் பாருங்கள். 2022 ஜூன் 20 அன்று அடிக்கல் நாட்டினார்கள். நான்கு தடங்கள், 148 கிலோமீட்டர், 40 மாதங்கள் என்றார்கள். எங்கள் தெருவில் சிலர் அதை நம்பி பையப்பனஹள்ளிப் பக்கம் வீட்டு மனைகூடப் பார்த்தார்கள். 40 மாதம் 2025 அக்டோபரோடு முடிந்தது. ரயில் ஓடவில்லை. எவ்வளவு நிலம் கிடைத்தது, எந்தத் தடம் எவ்வளவு பின்தங்கியது, ஏன் என்று மாதம் ஒரு பக்கம் போட்டிருந்தால் 41ஆவது மாதத்தில் கேட்க வேண்டிய கேள்வியை ஐந்தாவது மாதத்திலேயே கேட்டிருக்கலாம்.

வெளிவட்டச் சாலையில் 2019 அக்டோபரில் சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை பஸ்ஸுக்குத் தனிப் பாதை விட்டார்கள். அப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆசைக்காகவே 500டி பஸ் ஏறிப் போனேன். ஓட்டுநருடைய முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கார்கள் வரிசையாக நிற்க, நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம். கதவருகே நின்ற ஒரு பையன் பக்கத்து இருக்கைக்காரரிடம் மணியைக் காட்டிச் சிரித்தான். பிறகு மெட்ரோ வேலை வந்தது, பாதை போயிற்று. ஒவ்வொரு மாதமும் இத்தனை பேருக்கு இத்தனை நிமிடம் மிச்சம் என்று நிறுத்தம்தோறும் எழுதி ஒட்டியிருந்தால், வேலை முடிந்ததும் அந்தப் பாதையைத் திரும்பக் கொடு என்று கேட்க மக்களே வந்திருப்பார்கள்.

கணக்கு வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மெட்ரோவே உதாரணம். 2025 பிப்ரவரியில் உச்சக் கட்டணத்தை 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய் ஆக்கினார்கள். பயணிகள் குறைந்தது சில நாட்களிலேயே எல்லோருக்கும் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்து, சில தூரங்களுக்குக் கட்டணத்தைச் சற்று இறக்கினார்கள். ஏறியவர் இறங்கியவர் கணக்கு தினமும் இருந்ததால் அந்தப் பேச்சுக்கே இடம் கிடைத்தது. ஆனால் மெட்ரோவை விட்டவர்கள் எதற்குப் போனார்கள்? பஸ்ஸுக்கா, இருசக்கர வாகனத்துக்கா? என் மகளின் தோழி ஒருத்தி ஸ்கூட்டருக்குத் திரும்பிவிட்டாள். மெட்ரோ தன் கணக்கை வைத்திருக்கிறது, பஸ் தன் கணக்கை வைத்திருக்கிறது, சிக்னல் கணக்கு போலீசிடம் இருக்கிறது. மூன்றையும் ஒரே மேசையில் பரப்பிப் பார்த்தால்தான் அந்தப் பெண் எங்கே போனாள் என்று தெரியும்.

அந்த மேசையைப் போடத்தான் பெங்களூரு பெருநகர நிலப் போக்குவரத்து ஆணையச் சட்டத்தை 2022இல் கொண்டுவந்தார்கள். இப்போது 2025 செப்டம்பரிலிருந்து மாநகராட்சியும் ஐந்தாகிவிட்டது. பயணிக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. கணக்கும் ஐந்தாகப் பிரிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.

லண்டனில் எப்படிச் செய்கிறார்கள் என்று என் மகள் படித்துச் சொன்னாள். 2041க்குள் நூற்றில் எண்பது பயணங்கள் நடை, சைக்கிள், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் நடக்க வேண்டும் என்று அந்த நகர மேயரின் திட்டம் சொல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான வீடுகளில், ஐந்து வயது நிரம்பிய குழந்தைகள் முதல் வீட்டார் அனைவரின் ஒரு நாள் பயணத்தையும் நடையோடு சேர்த்து எழுதி வாங்கி, எண்பதை நோக்கி எவ்வளவு நகர்ந்தோம், எங்கே சறுக்கினோம் என்று அறிக்கை போடுகிறார்கள். சறுக்கிய ஆண்டிலும் போடுகிறார்கள். இதைக் கேட்டபோது, மோர் குடித்துவிட்டுப் போன அந்தத் தம்பியை நினைத்துக்கொண்டேன். அவர் தவறு ஒன்றும் இல்லை. அவருக்குக் கொடுத்த படிவத்தில் என் மனைவிக்குக் கட்டம் இல்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. ஆணையம் ஆண்டுக்கொரு முறை கன்னடத்திலும், நம்மைப் போன்றவர்கள் படிக்கும் மொழிகளிலும் ஓர் அறிக்கை போடட்டும். திட்டத்தில் என்ன எண் சொன்னோம், இந்த ஆண்டு அது எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் அச்சிடட்டும். வண்டியின் வேகத்தோடு, நிறுத்தத்தில் நின்ற நேரமும் வரட்டும். சந்திப்பில் வண்டிகளை எண்ணும்போது அதில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் நடந்து கடக்கிறார்கள் என்பதையும் எண்ணட்டும். பூஜ்ய டிக்கெட் தகவலை, யார் எவர் என்று தெரியாதபடி, ஸ்டேஜ் வாரியாக, மணி வாரியாகப் பொதுவில் வைக்கட்டும். அதை வைத்து எந்த டிரிப்பைக் கூட்ட வேண்டும் என்று எங்களைப் போன்ற பழைய நடத்துநர்கள் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் சொல்லிவிடுவோம். சம்பளம் வேண்டாம்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். உலகத்தில் எத்தனையாவது இடம் என்று ஆண்டுக்கு ஒரு முறை போடுகிறீர்கள். வாரம் ஒரு நிறுத்தம் என்று எடுத்து, அங்கே எத்தனை பேர் எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று நான்கு வரி போடுங்கள். சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம், கே.ஆர்.மார்க்கெட் என்று நம் மக்கள் நிற்கும் இடங்கள் ஏராளம். முதல் வாரத்துக்கு என் நோட்டில் எங்கள் நிறுத்தத்தின் மூன்று நாள் கணக்கு தயாராக இருக்கிறது. பாஸ்காரர்களையும் சேர்த்தே எண்ணியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
மர்பி டவுன், பெங்களூரு